ஐந்தாவது நோட்டு

மண்ணூர்பேட்டையில் கெட்டிக்காரப் பிள்ளை கணக்கை மனசிலேயே போட்டுவிடும். கணக்கு நோட்டு எங்கே என்றால் முழிக்கும். உடனே வைத்தியம்: இன்னொரு டியூஷன். நாலு நோட்டைத் தொலைப்பவனுக்கு ஐந்தாவது நோட்டு! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பேனரை அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு வரும் அப்பா, வீட்டில் புத்தகப்பைக்கு ஓர் ஆணி அடிக்க மாட்டார். "ராமானுஜன் மாதிரி வரணும்டா" என்ற அர்ச்சனை மட்டும் தினமும் உண்டு. அந்த ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறாதவர். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கே டியூஷனில் சேரவே ரேங்க் கார்டு கேட்கிறார்கள், அப்பா கையெழுத்தோடு.