வட்டியில்லா வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். கிரெடிட் கார்டில் கட்டிப் பார் என்று சொல்லவில்லை. நம்மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம் இல்லை.

கணக்கு என்னவோ அழகுதான். பில் தேதிக்கு மறுநாள் சிமென்ட் வாங்கினால் ஏறத்தாழ 50 நாள் வட்டி கிடையாது. கான்கிரீட் வலுப்பெற 28 நாள். ஆக, தளம் இறுகி 3 வாரம் கழித்துத்தான் நம் கழுத்து இறுகும்.

டைல்ஸுக்கு ‘நோ காஸ்ட்’ தவணை: வட்டி இல்லை, செயலாக்கக் கட்டணமும் அதற்கு 18% ஜிஎஸ்டியும் உண்டு. கார்டைத் தேய்க்கக் கம்பிக் கடைக்காரர் 2% தனியாகக் கேட்பார். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ரொக்கம்தான் வேண்டும். அதற்காகக் கார்டை ஏடிஎம்மில் செருகினால், வட்டி அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுவிடும்.

பாக்கி வைத்தால், பல கார்டுகளில் மாதம் மூன்றே முக்கால் சதவீதம், ஆண்டுக்கு 45.

வீட்டுக்கடன் வாங்கலாமே என்றால், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். கார்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வில்லங்கத்தை அதுவே கொண்டுவந்துவிடும்.