மூன்றாவது விசில்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு ஒன்பது வருஷமாக ஒரே எக்செல் கோப்பில் கிடக்கிறது. பொருளாளர் என்ற முறையில் அதைத் திறக்கும் பாக்கியம் எனக்கு. காலையில் மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றும்போது கோப்பைத் தட்டிவிட்டால் மூன்றாவது விசிலுக்குத் திறந்துகொள்ளும். சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தால் மட்டும் கோப்பு முந்தும்.

மகன் தொந்தரவு தாங்காமல் லேப்டாப் கடைக்குப் போனேன்.

“சார், இதோட ஸ்கோர் பன்னிரண்டாயிரம்” என்றான் கடைப்பையன்.

“எதுல?”

“பெஞ்ச்மார்க்ல சார். டெய்லி நாம பண்ற வேலையைத்தான் அதுல பண்ண வைப்பாங்க.”

யார் அந்த ‘நாம’ என்று வீட்டுக்கு வந்து தேடினேன். கீக்பெஞ்ச் 6 என்ற அந்தச் சோதனையில் கோப்பைச் சுருக்குவது, பிடிஎஃப் காட்டுவது, போட்டோவுக்கு மெருகேற்றுவது எல்லாம் உண்டு. ஐ7-12700 சிப்புக்கு 2500 என்று போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுகிறார்கள். வழி கண்டுபிடிக்கும் தேர்வும் ஒன்று இருக்கிறது. அதில் வரும் ஊர்களில் ஒன்று, கனடாவின் டொராண்டோ. அங்கே எனக்கு ஒரு மாமா பையன் இருக்கிறான். அவனே இன்னும் வழி கேட்டுத்தான் போகிறான்.

இந்த ‘அன்றாட வேலை’ ஆசை பழையது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் என்பவர், சாதாரண நிரல்களில் எந்த வகைக் கட்டளை எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதே விகிதத்தில் ஒரு குட்டி நிரல் எழுதினார். பெயர் ட்ரைஸ்டோன். ஏற்கெனவே வெட்ஸ்டோன் என்று ஒரு சோதனை இருந்தது. காதுக்கு அது ஈரக்கல், இது காய்ந்த கல். பொறியாளர்களின் நகைச்சுவை இந்த மட்டில்தான் இருக்கும்.

பாவம், வைக்கரின் நிரல் போடும் கணக்குகள் சிலவற்றின் விடையை யாரும் கேட்பதில்லை. நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர்கள் அதை மோப்பம் பிடித்துவிட்டன. சாப்பிட ஆளில்லாத வீட்டில் உலை எதற்கு என்று அந்த வேலையையே விட்டுவிட்டன. சிப் அதே சிப். மார்க் மட்டும் ஏறியது.

பொம்மை நிரல் வேண்டாம், நிஜ நிரலையே ஓட்டுவோம் என்று 1988இல் நிறுவனங்கள் கூடி ஸ்பெக் அமைப்பைத் தொடங்கின. முதல் பட்டியலில் ஜிசிசி கம்பைலர் இருந்தது. மேட்ரிக்ஸ்300 என்ற அணிப்பெருக்கலும் இருந்தது. எண்களை எந்த வரிசையில் எடுத்தால் நினைவகத்துக்கு நடை மிச்சம் என்று கம்பைலர்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மதிப்பெண் எகிறியது. 1992 பட்டியலில் அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டார்கள். நம் டியூஷன் வாத்தியார்களை அனுப்பியிருந்தால் மீதிக் கேள்விகளையும் தூக்க வைத்திருப்பார்கள்.

மறுநாள் பென்டிரைவில் சங்கக் கணக்கையும், ஸ்கேன் செய்த கிரயப் பத்திரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கணக்குக் கோப்பு ஆறு விநாடியில் திறந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, வாட்ச்மேன் சம்பளத்தை ஒற்றை விரலால் தட்டினேன். பன்னிரண்டாயிரம் மார்க் வாங்கிய சிப், மூன்று சதவீதம் உழைத்தது. மீதி நேரமெல்லாம் என் விரலுக்காகக் காத்திருந்தது.

வாங்கிவிட்டேன். இப்போது முதல் விசிலுக்கு முன்பே கணக்கு திறந்துவிடுகிறது.

நேற்று மனைவி எட்டிப்பார்த்தாள். “அதான் திறந்துடுச்சே. சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இந்த அவரைக்காயை நறுக்குங்க.”