சுத்த சைவப் படக்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போனால், மீன் எடுக்க வந்தவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு படம் எடுக்க வந்தவர்களும் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஏகப்பட்ட பாக்கெட் வைத்த காக்கி ஜாக்கெட்டும், கழுத்தில் இரண்டு கேமராவும், முகத்தில் எழுதித் தயாராக வைத்த தீர்ப்புமாக ஒருவர் தென்பட்டால், அவர்தான் நம்மவர். பக்கத்தில் நிற்கும் பையன் ஆசையாக ஒரு சூரிய உதயத்தை நீட்டினால், படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். "எடிட் பண்ணியிருக்கியா தம்பி?" என்பார். சாம்பாரில் விழுந்த கரண்டி அதற்கு முன் எதில் விழுந்தது என்று சர்வரைக் குறுக்கு விசாரணை செய்யும் சுத்த சைவரின் குரல் அது.

"லேசா கலர் மட்டும், சார்."

"லேசா முட்டை போட்டா கேக் சைவமாயிடுமா?"

பையன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

நம்மவரின் சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பிரிவுதான். ஷட்டர் விழும்வரை செய்வதெல்லாம் கலை. விழுந்தபின் செய்வதெல்லாம் மோசடி. அதனால் தம் சாமர்த்தியம் முழுவதையும் ஷட்டருக்கு முன்னாலேயே செலவழித்துவிடுவார். லென்ஸுக்கு முன் போலரைசர் கண்ணாடியைத் திருகி, வெளுத்த வானத்தைக் கருநீலமாக்குவார். அதன் மேல் கறுப்பு என்.டி. ஃபில்டரை மாட்டி, ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைப்பார். மெரினாவின் அலைகள் மொத்தமும் காணாமல் போய், கடல் வெண்பனியாகப் படிந்திருக்கும். மெரினாவை அந்தக் கோலத்தில் பார்த்த மனிதக் கண் இன்றுவரை கிடையாது. இருந்தாலும் படத்தின் கீழே பெருமையாக எழுதுவார்: 'கேமராவிலிருந்து வந்தபடியே.'

கிராமத்துப் படங்களுக்குத் தனி ஏற்பாடு. அவருடைய ஆல்பத்தில் தேனி ஆட்டிடையரும், புதுக்கோட்டைக் குயவரும், நாகப்பட்டினத்து உப்பளத் தொழிலாளியும் ஒரே சிவப்புத் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். கேமரா பையில் மடித்து வைத்திருக்கும் துண்டு அது. ஓட்டைக் கூரை வழியே இறங்கும் ஒளிக்கற்றையும் அவருடைய சாம்பிராணிப் புகையில் பிறந்ததுதான். ஆனால் இதெல்லாம் எடிட்டிங் ஆகாது. கம்ப்யூட்டரைத் தொடவில்லையே!

அவர் கேமராவில் 'வெல்வியா' என்றொரு வண்ணத் தேர்வு உண்டு. அதே பெயரில் 1990-இல் வந்த ஃபிலிமின் சாயலை டிஜிட்டலில் கொண்டுவருவது. பச்சையை மரகதமாக்கும், செம்மண்ணைக் குங்குமமாக்கும். போட்டோஷாப் கடைக்கு வந்ததும் அதே 1990-தான். நம்மவர் கணக்கில் முதலாவது குலதெய்வம், இரண்டாவது குட்டிச்சாத்தான்.

ஒருநாள் பையனும் பதில் பேசினான். "சார், உங்க கேமரா சென்ஸார்ல ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுல ஒண்ணைத்தான் பதிவு பண்ணுது. மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்புது. பார்த்தா, உங்க படத்துல மூணுல ரெண்டு பங்கு கலர் கணக்குல வந்ததுதான்."

"அது கேமரா செய்றது. நான் செய்யலை."

பையன் விடவில்லை. நம்மவர் பூஜையறையில் வைக்காத குறையாகக் கும்பிடுகிற ஆன்ஸல் ஆடம்ஸையே இழுத்தான். 1941-இல் நியூ மெக்ஸிகோவில் அவர் எடுத்த நிலா உதயப் படம் உலகப் புகழ் பெற்றது. அதன் வானத்தை இருட்டறையில் பல ஆண்டுகள், பிரதிக்குப் பிரதி, கூடுதலாகக் கறுக்கவைத்தார் மனிதர். அதற்கும் முன்னால் லின்னேயஸ் ட்ரைப். 1858-இல் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கேமராவோடு வந்த கம்பெனி ராணுவ அதிகாரி. அந்தக் காலத்து நெகடிவிலிருந்து போட்ட பிரதியில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். பர்மாவில் எடுத்த நெகடிவ்களில் அவர் தூரிகையை எடுத்துத் தாமே மேகம் தீட்டிவிட்டார்.

"அது கைவேலை தம்பி. கைவேலைக்குத் தோஷமில்லை."

கைவேலைக்குத் தோஷம் கற்பித்தால் அவர் வீட்டுக் கூடத்துக்கே ஆபத்து. அங்கே மாலையோடு தொங்கும் அப்பாவின் படத்தில், ஸ்டூடியோக்காரர் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பு அத்தனையையும் ஆற்றியிருக்கிறார்.

நம்மவர் பக்கமும் நியாயம் உண்டு. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக், நெட்டையான அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 2015-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியின் இறுதிக்கு முந்தைய சுற்றில், கைவைத்த குற்றத்துக்காக ஐந்தில் ஒரு பங்குப் படங்கள் வெளியேற்றப்பட்டன. சரியான தண்டனை. 'நடந்தது இது' என்று வாக்குக் கொடுத்த படத்தில் ஒரு கூழாங்கல்லை நகர்த்தினாலும் பொய்தான். 'எனக்குத் தோன்றியது இது' என்று சொல்லிவிட்ட படத்தில் மலையையே நகர்த்தலாம். நன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. நம்மவரோ கலவரப் படத்துக்கும் காக்காய்ப் படத்துக்கும் நிச்சயதார்த்த ஆல்பத்துக்கும் ஒரே தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அந்தத் தராசில் தம்முடைய சிவப்புத் துண்டை மட்டும் அவர் வைத்துப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஐப்பசி மழையில் ஒருநாள் அடித்தது யோகம். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு நேர் பின்னால் ஒரு மின்னல் கிளை விரித்து இறங்கியது. ஃபில்டர் இல்லை, புகை இல்லை, துண்டு இல்லை. அப்பழுக்கில்லாத நிஜம். போட்டிக்கு அனுப்பினார். நடுவர்கள் கூடிப் பேசி ஒரே வரியில் கேட்டார்கள்: "ஏஐ-யா சார்? ரா ஃபைல் அனுப்புங்க."

கேமரா சமைக்காமல் அப்படியே கொடுக்கும் மூலக் கோப்புதான் ரா. அதை வைத்திருப்பதே எடிட் செய்யும் கெட்ட எண்ணத்துக்கு அத்தாட்சி என்று முப்பது மேடைகளில் முழங்கியவர் அவர். கேமரா சமைத்துக் கொடுத்த ஜேபெக் மட்டுமே கையில் இருந்தது. அது செல்லாது என்றுவிட்டார்கள். படம் தள்ளுபடி. லேசாகக் கலர் சேர்த்த பையன் தன் உதயத்தின் ரா ஃபைலை ஐந்து நிமிடத்தில் அனுப்பி, இரண்டாம் பரிசு வாங்கினான்.

மறுவாரம் நம்மவர் கேமராவில் ராவும் ஜேபெக்கும் சேர்ந்தே பதிவாயின. "சாட்சிக்கு மட்டும்தான்" என்றார். சாட்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க பையனின் லேப்டாப்பில் திறக்கச் சொன்னார். காசிமேட்டுப் படகு சோகையாக, முன்பாதி இருட்டில் கிடந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

"சார், அந்த நிழலை மட்டும் லேசாத் தூக்கட்டுமா?"

நம்மவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தூக்கு. ஆனா எடிட் பண்ணிடாதே!"