உறுமல் இருக்கணும், கடகடப்பு போகணும்

கம்பெனி சைலன்சரில் வீரம் பத்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டு, வாயகன்ற குழாயை மாட்டிக் காரில் பறக்கிறார்கள் கோவில்பட்டித் தம்பிகள். ஆசைப்பட்டது உறுமல்; ஒரே மாதத்தில் கேட்பதோ, 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்க் கடலைமிட்டாயைத் தகர டின்னில் போட்டுக் குலுக்கிய சத்தம்.

பட்டறை அண்ணாச்சி சூடு ஆறவிட்டு, காருக்கடியில் படுத்துக் குழாயை ஆட்டிப் பார்க்கிறார். பழையது ரப்பர் வளையத்தில் தொங்கியது. இன்ஜின் அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும். புதியதை இரும்புப் பட்டை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். சூட்டில் குழாய் நீண்டு அடித்தட்டில் இடிக்கிறது. வெப்பத் தடுப்புத் தகட்டுக்கு ஒரு போல்ட்டையே காணோம்.

"ரோடு சரியில்ல அண்ணாச்சி" என்கிறார் காரைக் கொண்டுவந்த தம்பி.

அதுவும் பொய்யில்லை. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மேலே போட்ட தார் என்ன செய்யும்? ஆனால் அதே ரோட்டில்தான் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய கிழட்டு வேன் சத்தங்காட்டாமல் போகிறது.

ரப்பருக்கும் கிளாம்புக்கும் சில நூறு ரூபாய். உறுமலுக்கோ மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி அபராதம் 10,000 ரூபாய் வரை. தம்பிக்குக் கடகடப்பு மட்டும் போகணுமாம், உறுமல் அப்படியே இருக்கணுமாம்.

"அதுக்கு நான் எதுக்குப்பா? போலீசுல வண்டிய மறிச்சாகன்னா ரெண்டையும் சேத்தே கழட்டிருவாக."