ஊசியா, பட்டினியா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் தினமும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு ஒரே மாதத்தில் 9 கிலோ இளைத்துவிட்டாள். ஊசி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: ஊசியோடு என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள். நாளுக்கு 500 கலோரி என்பாள், அந்த டயட்டின் விதியே அதுதான். வளர்ந்த ஒரு பெண்ணின் தேவையில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. ஊசி இல்லாமல் இப்படிச் சாப்பிட்டிருந்தாலும் அவள் இதே அளவு இளைத்திருப்பாள். பாதிப் பேருக்கு எச்.சி.ஜி., மீதிப் பேருக்கு உப்புநீர் என்று, யாருக்கு எது என்பதைச் சொல்லாமல் ஊசி போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1995-ல் இப்படிப்பட்டவை உட்பட 24 ஆய்வுகளை அலசி, இந்த ஹார்மோன் எடையையும் குறைப்பதில்லை, பசியையும் அடக்குவதில்லை என்று முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் குறிப்பிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. மகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எச்.சி.ஜி. என்பது என்ன?

பதில்: கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை தேடுவது இதைத்தான். குழந்தையின்மை சிகிச்சையிலும், விதை கீழிறங்காத சிறுவர்களுக்கும் இதைப் பயன்படுத்துவதுண்டு.

கேள்வி: அதை உடல் இளைக்கப் போடலாம் என்று யாருக்குத் தோன்றியது?

பதில்: ஆல்பர்ட் சிமியன்ஸ் என்ற மருத்துவருக்கு. இந்தியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ரோம் நகரில் தொழில் நடத்தியவர். 1954-ல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். தினம் 125 யூனிட் ஊசி. மதியம் கொழுப்பில்லாத இறைச்சி 100 கிராம், ஒரு காய், ஒரு ரொட்டிக் குச்சி, ஒரு ஆப்பிள். இரவுக்கும் அதுவே. எண்ணெய் தொடக்கூடாது, முகத்துக்குக் கிரீம் பூசுவதற்குக்கூடத் தடை. ஹார்மோன் வேண்டாத கொழுப்பை மட்டும் கரைக்கும் என்று அவர் மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வேலை பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது.

கேள்வி: எப்படியோ இளைத்தாயிற்று. அப்புறம் என்ன கவலை?

பதில்: கரைந்தது என்ன என்பதுதான் கவலை. இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். இதயமும் தசைதான். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அதன் துடிப்பு தடுமாறும். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் பெரிய மோகமாக இருந்தது. நாளுக்கு 300, 400 கலோரிதான். அதைக் குடித்து இளைத்தவர்களில் சுமார் 60 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நோயாளிகள் அல்லர். இளவயதுப் பெண்கள், திடீரென இதயத்துடிப்பு தாறுமாறாகிப் போனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பாடத்தைப் படித்த பிறகும் 500 கலோரியை விற்கிறார்கள்.

பித்தப்பைக் கல்லும் வரும். வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகம் தள்ளுகிறது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பித்தப்பை சுருங்கி அதை வெளியேற்றுவதில்லை. தேங்கியது கல்லாகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கலாம்.

கேள்வி: பட்டினியை விடுங்கள், ஊசியால் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. தலைவலி, எரிச்சல், மனச்சோர்வு, உடம்பில் நீர் கோத்தல், ஆண்களுக்கு மார்பு பெருத்தல். எச்.சி.ஜி. எடுத்தவர்களுக்கு ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, படபடப்போ மயக்கமோ வந்தாலோ, வலது விலா எலும்புக்குக் கீழே விட்டுவிட்டு வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஊசி வேண்டாம். நாக்கடியில் விடும் ஹோமியோபதி எச்.சி.ஜி. சொட்டு போதாதா?

பதில்: எச்.சி.ஜி. புரத வகை ஹார்மோன், விழுங்கினால் வயிறு செரித்துவிடும். அமெரிக்க அரசு 2011 டிசம்பரில், இந்தச் சொட்டு விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பாட்டிலோடு சேர்ந்து வரும் 500 கலோரி அட்டவணை மட்டும் உண்மையாகவே வேலை செய்யும். ஆபத்தும் அதில்தான்.

கேள்வி: சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாரம் மட்டும் முயற்சிக்கலாமா?

பதில்: கூடாது. மாத்திரை அளவு அப்படியே இருக்க, சாப்பாடு கால் பங்கானால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கி மயக்கத்தில் விடலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: டாக்டர்களே குறைந்த கலோரி உணவு கொடுத்துச் சர்க்கரை நோயைச் சரிசெய்வதாகப் படித்தேனே!

பதில்: படித்தது சரி. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. தினம் 825 முதல் 853 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அவர்கள் குடித்தது புரதமும் தாதுக்களும் வைட்டமின்களும் கணக்கிட்டுச் சேர்த்த பானம். சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸோ உணவு நிபுணரோ கூடவே இருந்தார். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் படிப்படியாகத்தான். ஹார்மோன் ஊசி ஒன்றுகூட இல்லை. ஆப்பிளும் ரொட்டிக் குச்சியும் கொடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்புவதை இதோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்குத் தைராய்டு. அவள் மாத்திரையில் பாதி சாப்பிட்டால் நானும் இளைப்பேனா?

பதில்: தைராய்டு சரியாக இருப்பவர் அதை எடுத்தால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பு தேயும். இளைக்கவேண்டி அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள், அது அவருக்குத் தேவை.