அண்ணன் வீட்டுக் கொலு

கிளாஸ்கோவில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், கணினி வேலை. அவர் வீட்டு வரவேற்பறையில் வருஷம் முழுக்கக் கொலு வைத்திருக்கும். பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஸ்காட்ச் பாட்டில்.

படி ஐந்து. அண்ணனின் ஆசைக்கு வைத்த கணக்கல்ல அது. ஸ்காட்ச் விஸ்கிக்காக 2009-இல் போட்ட சட்ட விதிகளில் ஹைலாண்ட், லோலாண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்பல்டவுன் என்று ஐந்து வட்டாரங்கள்தான் இருக்கின்றன. ஒற்றைப்படையாக அமைந்துவிட்டதில் அண்ணிக்குக் கொஞ்சம் ஆறுதல். ஒருநாள் ஸ்கை தீவுப் பாட்டில் ஒன்றை எடுத்து, “இதுவும் தீவுதானேண்ணே, ஐலா படியில வச்சிரவா?” என்று கேட்டுவிட்டேன். தசாவதார செட்டில் செட்டியார் பொம்மையைச் செருகப் போனவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சட்டப்படி ஸ்கை ஹைலாண்டில் சேர்த்தியாம். ஐலாவை ‘இஸ்லே’ என்று வாசித்ததற்காக ஏற்கெனவே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பூனஹாவன், க்ளென் கீரி என்று ஸ்காட்லாந்துக்காரர்களே தடுமாறும் பெயர்களெல்லாம் அண்ணன் வாயில் வழுக்கிக்கொண்டு வரும். ‘வாழைப்பழம்’ மட்டும் வராது.

கொலுவுக்கு மேலே தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அது மூடிப்போன ஆலைகளுக்கு. 1983-இல் மூடிய போர்ட் எலன், அதே வருஷம் மூடிய ப்ரோரா, 1993-இல் மூடிய ரோஸ்பேங்க். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவற்றின் சரக்கு பெரும்பாலும் கலவை விஸ்கிக்குத்தான் போனது. மூடியபின் குலதெய்வ அந்தஸ்து வந்துவிட்டது. மூன்றிலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறார். விலையில் பாதியை அண்ணியிடம் சொல்லியிருக்கிறார், மீதிப் பாதியை என்னிடம். சமீபத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆலைகளையும் திறந்து மறுபடி வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “செத்தவங்க எந்திரிச்சு வந்துட்டா, திவசத்துக்கு என்ன மரியாத தம்பி?”

மற்றபடி எதை வாங்கினாலும் மூன்றாக வாங்குவார். ஒன்று குடிக்க, ஒன்று வைத்திருக்க, ஒன்று பிறரிடம் மாற்றிக்கொள்ள. குடிக்க வாங்கியது எப்போது திறக்கும் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். குடி குடியைக் கெடுக்கும் என்று நம் ஊரில் எச்சரிப்பார்கள். அண்ணன் வீட்டில் குடியைக் கெடுப்பது, குடிக்காமல் வைத்திருப்பது. பட்டுப்புடவை அடுக்கிய அலமாரி போயிற்று. மாவரைக்கும் கிரைண்டர் குளியலறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. “நல்லாக் குடிச்சுத் தீர்த்தாலாவது எடம் காலியாகும்” என்று கணவனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் ஒரே தமிழ்ப் பெண்மணி எங்கள் அண்ணிதான்.

கேட்டால் முதலீடு என்பார். 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 1926-ஆம் வருஷத்து மெக்காலன் பாட்டில் ஒன்று 21 லட்சத்து 87 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது. நம் பணத்தில் 22 கோடிக்கு மேல். அந்தச் செய்தியை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார். அது அறுபது வருஷம் பீப்பாயில் கிடந்த சரக்கு. அண்ணனுடையது பெரும்பாலும் பன்னிரண்டு வருஷச் சரக்கு. விஸ்கிக்கு வயசு ஏறுவது பீப்பாயில் மட்டும்தான். அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகப் போய்விடும், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பாட்டிலில் அடைத்தபின் நூறு வருஷம் வைத்தாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான். அந்த வீட்டில் வயசு ஏறிக்கொண்டிருப்பது அண்ணனுக்கும் அண்ணிக்கும்தான்.

அதிசயமாக ஒரு பாட்டில் திறக்கும் சனிக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு அழைப்பு வரும். வாய் குறுகிய சின்னக் கிளாசில், பச்சைப்பிள்ளைக்குப் பாலாடையில் புகட்டும் அளவு ஊற்றுவார். குடிக்கக் கூடாது, முகர வேண்டும். முதலில் இடது மூக்கு, அப்புறம் வலது. பிறகு சொட்டு மருந்துக் குழாயை எடுத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். தண்ணீர் பட்டால் மணம் விரியும் என்பது உண்மைதான். பீப்பாயில் இருந்தபடியே அடைத்த சரக்கு ஐம்பத்தைந்து, அறுபது சதவீதம்கூட இருக்கும், அதற்குத் தண்ணீர் தேவைதான். ஆனால் போலியோ முகாமில்கூட அத்தனை பயபக்தியை நான் பார்த்ததில்லை. ஆரம்ப நாட்களில் ஒருதரம், “சோடா இருக்காண்ணே?” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஊர்ல அப்பா நல்லாருக்காங்களா தம்பி?” என்று கேட்டார்.

பாட்டில் பாதியானதும் இன்னொரு வேலை. உள்ளே காற்று கூடினால் சுவை மங்கிவிடும் என்று கோலிக்குண்டுகளைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக உள்ளே போடுவார். மட்டம் கழுத்துவரை ஏறும். அப்புறம் பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே வைக்க வேண்டும். ஒயினைப் படுக்கவைக்கலாம், விஸ்கியைப் படுக்கவைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். பள்ளிக்கூடத்து வாசலில் கோலி சோடா குடித்து வளர்ந்த மனிதர், தொண்ணூறு பவுண்டு சரக்குக்குள் கோலி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பிரியமாகவும் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் நோட்டுப் புத்தகம் வரும். நூற்றுக்கு மார்க். இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுக்காரர் அல்ல, யார்க்‌ஷயர்க்காரரான எழுத்தாளர். 1989-இல் மால்ட் விஸ்கிகளுக்கு மார்க் போட்டுப் புத்தகம் எழுதியவர். அதிலிருந்து ஊரெல்லாம் வாத்தியார்கள். பேருக்குத்தான் நூறு. எழுபதுக்குக் கீழே இறங்குகிறவர்கள் குறைவு. நம் ஊர்ப் பிராக்டிகல் தேர்வு மாதிரி, வந்து நின்றாலே முக்கால் மார்க் நிச்சயம். மிச்ச மார்க்கில்தான் அண்ணனின் கண்டிப்பெல்லாம். 87.5 போட்டதை அடித்து 87.25 ஆக்குவார். பொறியியல் கட்-ஆஃபில் கால் மார்க்கில் கல்லூரி தவறியவர் அவர். அந்தக் கணக்கை எங்கோ தீர்க்கிறார்.

மார்க்குக்குக் கீழே குறிப்பு, ஆங்கிலத்தில். சுருட்டுப் பெட்டி, பழைய குதிரைச் சேணம், நெல்லிக்காய் ஜாம். எங்களுக்குத் தெரிந்த நெல்லிக்காய்க்கு ஊறுகாய் உண்டு, ஜாம் ஏது? பாளையங்கோட்டையில் எந்தக் குதிரைக்குச் சேணம் கட்டினார்? கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பாலாடையும் கிடைக்காது.

போன கோடையில் அண்ணனின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அலமாரி நிறைய இருப்பது சென்ட் பாட்டில் என்று அண்ணி சொல்லிவைத்திருந்தார். அன்று சனிக்கிழமை. அம்மா தூங்கிவிட்டார்கள் என்று நம்பி அண்ணன் ஐலா பாட்டில் ஒன்றைத் திறந்தார். அங்கே பல ஆலைகளில், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்தியிருப்பார்கள். புகை சரக்கோடு வந்துவிடும். நாற்பது நிமிஷமாக முகர்ந்தும் அண்ணனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றார்கள்.

“ஏல, யாருக்குல அடிபட்டுச்சு? டிஞ்சர் வாடை அடிக்கி.”

“ஒண்ணுமில்லம்மா, நீங்க போய்ப் படுங்க.”

“நனைஞ்ச வெறக வச்சு அடுப்பு மூட்டுன மாதிரில்லா இருக்கு. கூடவே கருவாடு தீஞ்ச வாடை. இந்தச் சென்டையா பூசிக்கிட்டு ஆபீசுக்குப் போற? சன்னலத் தொறல மொதல்ல.”

அண்ணன் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அம்மா போனதும் உட்கார்ந்து, கிளாசை இன்னொருதரம் முகர்ந்தார். அப்புறம் பேனா நிற்கவில்லை. டிஞ்சர், நனைந்த விறகு, தீய்ந்த கருவாடு. 93 மார்க். கால், அரை எதுவும் இல்லை. அந்த நோட்டில் தமிழில் இருக்கும் ஒரே பக்கம் அதுதான்.