மிகத் தகுதியுள்ள சடலம்

பெறுநர்: அயல்நாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களின் சமூக நலப் பிரிவுகள்.



அயல்நாட்டவர் ஒருவர் இறந்தால் அவருடைய நாட்டின் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று, துணைத் தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 37ஆவது உறுப்பு விதிக்கிறது. தகவல் கிடைத்த தூதரகம் எத்தனை நாளில் அசைய வேண்டும் என்பதை அவ்வுறுப்பு சொல்லாமல் விட்டது. அந்த மௌனத்தை அலுவலகங்கள் வீணாக்காமல் பயன்படுத்திவருவது பாராட்டுக்குரியது.

வளைகுடாவில் சாரம் சரிந்து மாண்ட இராமநாதபுரத்துக் கொத்தனாருக்கு, உயிரோடிருந்தபோது ஒருநாளும் வாய்க்காத ஆவண நிறைவு இறந்த பிறகு வாய்த்துவிடுகிறது. இறப்புச் சான்று, காவல்துறையின் அனுமதி, உடல் கெடாதிருக்க மருந்தேற்றியதை உறுதிசெய்யும் ‘எம்பாமிங்’ சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவற்றோடு கடவுச்சீட்டும் ரத்து முத்திரை பெற்றுவிட, அவர் பயணி என்ற நிலையிலிருந்து சரக்கு என்ற நிலைக்கு முறைப்படி உயர்த்தப்படுகிறார். அமீரகத்திலிருந்து வரும் உடல்களுக்கு ஏர் இந்தியா நெடுங்காலம் எடை பார்த்தே கட்டணம் வாங்கியது. 2019 ஜனவரியில்தான் பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம் என்று ஒரே கட்டணம் வைத்து, மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் சமத்துவம் வழங்கியது. ஊரிலோ கொத்தனாரின் மனைவி, உடலைப் பெற்றுக்கொள்ளவும் நிலுவைச் சம்பளத்தைக் கேட்கவும் இன்னாருக்கு அதிகாரம் தந்தேன் என்று நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட, முத்திரைத்தாளுடன் அலைகிறார்.

எனினும் பிரிவுகளின் நுண்ணறிவு முழுமையாக ஒளிர்வது, 2009இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியில்தான். முதலாளியோ காப்பீடோ கைகொடுக்காதபோது உடலை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்கவல்ல இந்நிதி, பெரும்பாலும் தூதரகச் சேவைகளுக்கு விதிக்கப்படும் கூடுதல் கட்டணத்தால் திரள்வது. அதாவது கொத்தனார் அங்கே கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோதே தம் சவப்பெட்டிக்குச் சந்தா கட்டியிருக்கிறார். ஆயினும் பணம் கேட்கையில், வசதியின்மையை ஆராய்ந்து ‘மிகவும் தகுதியுள்ளவர்’ எனக் கண்டோருக்கே உதவி என்கிறது நெறிமுறை. பிணவறைக் குளிரில் கிடப்பவர் தம் ஏழ்மையை மெய்ப்பிக்க வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை அது விளக்கவில்லை.

ஆகவே, கட்டணம் வாங்குகையில் தகுதி பார்க்காத பிரிவுகள் அதைத் திருப்பித் தருகையிலும் பார்க்க வேண்டாம் என்றும், முதல் நாளே தொகையை விடுவித்துவிட்டுப் பின்னர் அதை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் பணிவுடன் வேண்டப்படுகிறது.